எந்த லேபிளை இயந்திரத்திடம் கொடுப்பது? காரைக்குடி அருகே ஓர் எல்.இ.டி. டிரைவர் ஆலையின் நிகழ்வு ஆய்வு

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அனுப்பிய சரக்கு ஒன்று ஏப்ரலில் முழுதாகத் திரும்பி வந்தது. எல்.இ.டி. விளக்குக்கு அளவான மின்னோட்டம் தரும் சாதனம்தான் டிரைவர். அந்தச் சரக்கில் 600 மில்லி ஆம்பியர் என்று லேபிள் ஒட்டிய சில டிரைவர்கள் 700 மில்லி ஆம்பியர் தந்துகொண்டிருந்தன. வாங்கியவர் தெருவிளக்கு தயாரிப்பவர். ஆறில் ஒரு பங்கு கூடுதலாக மின்னோட்டம் போனால் எல்.இ.டி. உடனே அணைந்துவிடாது, முன்னைவிடப் பளிச்சென்றே எரியும். மூடிய அலுமினிய உறைக்குள் சூடு ஏறும், ஆயுள் குறையும், அவ்வளவுதான் வெளியே தெரியும். அவருடைய சோதனைக் கூடத்தில் வெப்பநிலையை அளந்த ஒருவர் சந்தேகப்பட்டிராவிட்டால் அந்த விளக்குகள் ஏதோ ஓர் ஊரின் கம்பங்களில் ஏறியிருக்கும்.

திறந்து பார்த்ததில் மின்சுற்றுப் பலகை சரி, பாகங்கள் சரி, சால்டரும் சரி. 700-க்கான பலகை இருந்த உறையின் மேல் 600-க்கான லேபிள் இருந்தது. அது மட்டும்தான் தவறு.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கும் அந்த ஆலைக்கு நான் போனது இதற்குப் பிறகு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எண்ணிக்கைகளையும் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். முதலாளி மேசைமேல் தானியங்கி லேபிள் இயந்திரம் ஒன்றின் விலைப்புள்ளி தயாராக இருந்தது. சிறு அட்டைப்பெட்டிகள் பெல்ட்டில் ஓட, இயந்திரமே அச்சடித்து ஒட்டித் தள்ளும் வகை. "தம்பி, இதை வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். அட்டைப்பெட்டிப் பிரிவில் நான்கு பேர் நாள் முழுக்க லேபிள் ஒட்டுகிறார்கள். இயந்திரம் வந்தால் நான்கு பேரும் வேறு வேலைக்குப் போகலாம், தவறும் நின்றுவிடும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவை.

ஒரே முகம், அறுபது மாடல்

இந்த ஆலை ஒரு நாளைக்குச் சுமார் 4,000 டிரைவர்கள் செய்கிறது. மாடல்கள் அறுபதுக்கு மேல். ஆனால் உறைகள் மூன்றே வகை, பலகைகள் ஏழெட்டு வகை. வெளியேறும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் உணர் மின்தடை. அரிசி மணியைவிடச் சிறிய அந்த ஒரு பாகத்தின் மதிப்பை மாற்றினால் 600 மில்லி ஆம்பியர் டிரைவர் 700 ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். போதாதற்கு ஒரே டிரைவர் ஐந்து பிராண்டுகளின் பெயரில் போகிறது.

ஆகவே உறை மூடியபின் அந்தப் பொருள் என்ன என்று சொல்லக்கூடியது லேபிள் மட்டுமே. சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் வந்தது. பின்னர் அது விரிவுபடுத்தப்பட்டபோது எல்.இ.டி. டிரைவர்களும் அதற்குள் சேர்ந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, ஐ.எஸ். 15885 என்ற தர எண், பதிவு எண் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். பதிவு எண் ஆலைக்கும் பிராண்டுக்கும் சேர்த்தே தரப்படுவது. ஒரு பிராண்டின் லேபிளை இன்னொரு பிராண்டின் டிரைவரில் ஒட்டினால், உள்ளே இருப்பது அச்சு அசலாக அதே டிரைவராக இருந்தாலும், சட்டப்படி அது பதிவில்லாத பொருள். அட்டைப்பெட்டி லேபிளுக்கு வேறு சட்டம்: சட்டமுறை எடையளவு பொதியப்பட்ட பொருள்கள் விதிகள், 2011. தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் எல்லாம் அதில் வர வேண்டும்.

இனி, தவறு ஏன் மார்ச்சில் நடந்தது என்பது. காரைக்குடியில் படித்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே மின்சாரம் சம்பந்தமாக எதைச் சொன்னாலும் 'சிக்ரியா?' என்று கேட்பார்கள். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பெயர் அப்படி ஊரோடு ஒட்டிப்போயிற்று. அதற்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் பெயரில் பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆலையின் தரப் பிரிவினர் அந்த வளாகங்களிலிருந்து வந்தவர்கள்தான். தட்டுப்பாடு வேறிடத்தில். லைனில் உட்காரும் பெண்கள் பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கமிருந்து வேனில் வருகிறார்கள். மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், காவடி என்று பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். அதே வாரங்களில்தான் நிதியாண்டு முடிகிறதென்று வாடிக்கையாளர்கள் ஆர்டர்களைக் குவிப்பார்கள். பழகிய கைகள் குறைந்து, தற்காலிக ஆட்கள் கூடி, வேலை இரட்டிப்பாகும் காலம் அது. திருவிழாவை மாற்ற முடியாது, மார்ச் 31-ஐயும் மாற்ற முடியாது. புதிய ஆள் உட்கார்ந்தாலும் தவறு நடக்க முடியாதபடி வேலை அமைய வேண்டும் என்பதே இந்த ஆய்வின் அடிப்படை.

மேசை ஓரத்தில் ஒட்டியிருந்தவை

லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் அலுவலகத்தில் அன்றைய மாடல்களுக்கு லேபிள்கள் அச்சாகி ரோல் ரோலாக வரும். 500 வேண்டுமென்றால் 525 அடிப்பார்கள். கசங்கினால், கோணலாக ஒட்டினால் மாற்ற வேண்டுமே. மாடல் முடியும்போது பத்தோ பதினைந்தோ மிச்சமிருக்கும். அவற்றைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? பின்தாளோடு கிழித்து மேசை விளிம்பில் செருகி வைத்திருந்தார்கள். அடுத்த முறை அதே மாடல் வரும்போது உதவுமாம். நான் பார்த்த அன்று ஒரு மேசையின் விளிம்பில் ஐந்து மாடல்களின் மிச்சங்கள் தொங்கின. அதில் இரண்டு, ஓர் இலக்கம் தவிர மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி.

பழகிய அக்கா ஒருவர் அவற்றைப் பார்க்காமலேயே சரியானதை எடுத்தார். எப்படி என்று கேட்டதற்கு, "இடப்பக்கம் இருப்பவை நேற்றைய மாடல், சார்" என்றார். அந்த ஒழுங்கு அவர் தலையில் இருந்தது. மார்ச்சில் அவர் விடுப்பில் போனபோது அந்த ஒழுங்கும் அவரோடு போய்விட்டது.

ஒட்டும் வேகமோ, ஒட்டும் நேர்த்தியோ இந்தச் சிக்கலில் எங்கும் இல்லை. தவறான லேபிள் மிக நேராக, குமிழி இல்லாமல், சரியான இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. தானியங்கி இயந்திரம் இருந்திருந்தால் அதே ரோலை இன்னும் வேகமாக ஒட்டியிருக்கும்.

'லேபிளிங்' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள். எந்தப் பொருளுக்கு என்ன அச்சாக வேண்டும் என்று தீர்மானிப்பது முதல் வேலை, ஒட்டுவது இரண்டாவது, ஒட்டியது சரிதானா என்று படித்துப் பார்ப்பது மூன்றாவது. இயந்திரம் விற்பவர்கள் நடு வேலையைத்தான் விற்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். வீடியோவில் அழகாகவும் இருக்கும். இந்த ஆலையின் பணம் கரைந்தது முதலாவதிலும் மூன்றாவதிலும். ஆலைக்குள் லேபிள் ஏறும் ஒவ்வோர் இடத்திலும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டோம்.

அட்டைப்பெட்டி: வாங்காத இயந்திரம்

விலைப்புள்ளி வந்திருந்த இடத்திலிருந்தே தொடங்கினோம். சிறு பெட்டிக்கு ஒரு லேபிள் உரித்து ஒட்ட ஒருவருக்கு 4 விநாடி ஆகிறது. 4,000 பெட்டிக்கு 16,000 விநாடி, நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஓர் ஆளின் அரை நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் நான்கு பேர் என்ன செய்கிறார்கள்? பெட்டியை மடிக்கிறார்கள், டிரைவரின் ஒயர்களைச் சுருட்டுகிறார்கள், கையேடு வைக்கிறார்கள், மூடுகிறார்கள், 50 பெட்டிகளைப் பெரிய பெட்டியில் அடுக்குகிறார்கள். இயந்திரம் இதில் எதையும் செய்யாது. அது வந்தபின்னும் மூன்றரைப் பேர் அங்கேயே இருப்பார்கள்.

அடுத்தது மாடல் மாற்றம். நாளொன்றுக்கு எட்டொன்பது முறை மாடல் மாறுகிறது. பெட்டி அளவும் பிராண்டும் லேபிள் அளவும் மாறும்போது ரோல் மாற்றி, உணரியைச் சரிசெய்து, ஒட்டும் தட்டின் உயரத்தைத் திருத்தி, இரண்டு மூன்று சோதனைப் பெட்டி ஓட்ட இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஒன்பது முறைக்கு மூன்று மணி நேரம். இயந்திரம் ஒரு பெட்டிக்கு 2 விநாடி எடுத்தால் ஒட்டும் நேரம் இரண்டேகால் மணி. மொத்தம் ஐந்தேகால். கையால் ஒட்டுவதற்கு ஆவது நான்கரை. முதலாளி கால்குலேட்டரைத் தாமே எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

ஒரே மாடலை நாள் முழுக்க ஓட்டும் ஆலைக்கு இதே இயந்திரம் முதல் ஆண்டிலேயே லாபமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. எண்ணிக்கை பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மாற்றங்களுக்கு இடையில் எவ்வளவு நீளமாக ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இங்கே அந்த நீளம் சராசரியாக 450 பெட்டி.

பெரிய பெட்டி நாளைக்கு 80 மட்டுமே. அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

பலகை: இங்கேதான் இயந்திரம் வேண்டும்

அதுவரை பலகைகளுக்கு அடையாள எண்ணே கிடையாது. பேட்ச் எண் மட்டும் டிரேயில் ஒரு தாளில் இருக்கும். டிரே கலந்தால் பேட்சும் கலந்துவிடும். திரும்பி வந்த டிரைவர் எந்த நாளில், எந்த ரீல் (பாகங்கள் சுற்றி வரும் நாடாச் சுருள்) மின்தடையோடு செய்யப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே வாடிக்கையாளர் முழுச் சரக்கையும் திருப்பினார். பலகைக்குப் பலகை எண் இருந்திருந்தால் திரும்பியது ஒரு பகுதியோடு நின்றிருக்கும்.

கையால் இதைச் செய்யலாமா? பத்துப் பலகைகள் சேர்ந்த பேனலில், ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. சதுர லேபிளைக் குறிப்பிட்ட இடத்தில் நேராக வைக்க 6 விநாடி ஆகிறது. 4,000 பலகைக்கு ஆறேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதுவும் கண் வலிக்கும் வேலை. விரல் பட்டால், பாகங்களைப் பலகையோடு இணைக்கப் பூசியிருக்கும் சால்டர் பேஸ்ட் இழுகிவிடும். லேபிளைப் பின்தாளிலிருந்து உரிக்கும்போதே ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்னேற்றம் உண்டாகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கட்டுப் பட்டை மனிதரைத்தான் தரையோடு இணைக்கும், காப்புப் பொருளான லேபிளின் ஏற்றத்தை அது இறக்காது. அதற்கு அயனிக் காற்று விசிறி வேண்டும்.

மாடல் மாறினாலும் இந்த லேபிள் மாறாது என்பதுதான் முடிவுக்கு வரச் செய்தது. அறுபது மாடலுக்கும் ஒரே அளவு, ஒரே தாள், ஏறிக்கொண்டே போகும் ஒரே எண் வரிசை. மாற்ற நேரம் கிட்டத்தட்டப் பூஜ்யம். இயந்திரத்துக்கு இதைவிடத் தோதான வேலை ஆலைக்குள் வேறு இல்லை.

எப்படி என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. முதலாளிக்கு லேசர் பிடித்திருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டியிருப்பார்கள். மூன்று தலைமுறை கழித்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வந்தாலும் எந்த வீட்டுப் பானை என்று தெரியும். பலகையிலும் அப்படி வெட்டிவிட்டால் உரியவும் உரியாது, மாற்றி ஒட்டவும் முடியாது என்றார். நியாயமான பேச்சு. லேசருக்கு லேபிள் ரோலும் மை ரிப்பனும் வேண்டாம், ஓடும் செலவு மிகக் குறைவு. ஆனால் முதல் செலவு அதிகம். புகையை உறிஞ்ச அமைப்பு வேண்டும். நல்ல வேறுபாடு தெரிய, பலகை செய்து தருபவர் ஒவ்வொரு வடிவமைப்பிலும் வெள்ளை மைக்கட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கையிருப்பில் இருந்த பழைய பலகைகளில் அந்தக் கட்டம் இல்லை. நாளைக்கு 4,000 என்ற அளவில் லேசரின் விலையை நியாயப்படுத்துவது கடினமாக இருந்தது.

லைனின் தொடக்கத்தில் லேபிள் ஒட்டும் தனி இயந்திரம் இரண்டாவது வழி. இதில் பலர் கவனிக்காத ஒரு வில்லங்கம் உண்டு. லேபிள் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பசையோடு சேர்த்து அதற்கு ஒரு கனம் இருக்கிறது. அதன்பின் சால்டர் பேஸ்ட் பூசத் துளையிட்ட தகடான ஸ்டென்சில் வந்து அமரும்போது, லேபிள் இருக்கும் இடத்தைச் சுற்றி அது பலகையோடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். பாகங்களின் கால்கள் அமரும் அருகிலுள்ள நுண்ணிய பேடுகளில் பேஸ்ட் கூடுதலாக இறங்கும். பேஸ்ட்டை அடுப்பில் உருக்கும் ரிஃப்ளோ முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். சிறிய டிரைவர் பலகையில் லேபிளை அவ்வளவு தூரம் தள்ளி வைக்க இடமில்லை.

எடுத்த முடிவு மூன்றாவது வழி. பாகங்களைப் பொருத்தும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தில் பாகங்களை ஊட்டும் ஃபீடர்களுக்கான இரண்டு இடங்கள் சும்மா இருந்தன. ஒன்றில் லேபிள் ஃபீடரைப் பொருத்தினோம். முன்கூட்டியே அச்சடித்த லேபிள் ரோலிலிருந்து இயந்திரத்தின் உறிஞ்சு முனையான நாசில் ஒவ்வொன்றாக எடுத்து, மின்தடையை வைப்பதுபோல் லேபிளையும் பலகையில் வைத்துவிடும். பேஸ்ட் பூசியபின் லேபிள் வருவதால் ஸ்டென்சில் சிக்கல் எழாது. பேஸ்ட் பூசும் கட்டத்தின் விவரம் பலகை எண்ணோடு சேராது என்பது இதன் குறை. பேஸ்ட்டைத் தனியே அளந்து பதியும் இயந்திரம் இந்த ஆலையில் இல்லாததால் அந்தக் குறையால் இழப்பதற்கு எதுவும் இல்லை.

தாள் லேபிள் அடுப்பில் கருகும். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். ரிஃப்ளோ அடுப்பின் உச்சம் 240 முதல் 250 டிகிரி வரை போகும். அதைத் தாங்குவது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த லேபிள். அதன்மேல் அச்சும் நிற்க வேண்டுமானால் மெழுகு ரிப்பன் உதவாது, ரெசின் ரிப்பன் வேண்டும். குறியீட்டுக்குச் சதுரக் கட்டங்களாலான டேட்டா மேட்ரிக்ஸைத் தேர்ந்தோம். 14-க்கு 14 கட்டங்களில் 16 இலக்க எண் அடங்கும். பிழை திருத்தும் வசதி உள்ளேயே இருப்பதால் ஓர் ஓரம் கறைபட்டாலும் படிக்கும். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சியந்திரத்தின் ஒரு புள்ளி சுமார் 0.085 மி.மீ. கட்டத்துக்கு நான்கு புள்ளி கொடுத்தால் 0.34 மி.மீ.; 14 கட்டத்துக்கு 5 மி.மீ.க்குள். 8 மி.மீ. லேபிளில் சுற்றிலும் தாராளமாக வெள்ளை விளிம்பு கிடைக்கும்.

எண்ணுக்குள் மாடல், தேதி, ஷிப்ட் எல்லாவற்றையும் திணிக்கத் தரப் பிரிவினர் ஆசைப்பட்டார்கள். வேண்டாம் என்றேன். எண் வெறும் எண்ணாக இருக்கட்டும்; அது எந்த மாடல் என்பதைக் கணினிப் பதிவு சொல்லட்டும். மாடல் பெயர் நாளை மாறும், பலகையில் போன எண் மாறாது.

உறை லேபிள்: அச்சு இயந்திரத்துக்கு, ஒட்டுவது கைக்கு

தவறு நடந்த இடம் இதுதான். ஆனாலும் இங்கே ஒட்டும் இயந்திரம் வாங்கவில்லை. மாடல் மாற்றக் கணக்கு அட்டைப்பெட்டிக்குச் சொன்னதேதான். உறையின் மேல் குழிவும் ஒயரும் இருப்பதால் இன்னும் மோசம்.

மாற்றியது அச்சடிக்கும் இடத்தை. அலுவலகத்தில் ரோலாக அடிப்பது நிறுத்தப்பட்டது. மூடி போடுமுன் நடக்கும் மின்சோதனை மேசைக்கே சிறு அச்சியந்திரம் வந்தது. பலகையின் எண்ணை ஸ்கேனர் படிக்கும். சோதனைக் கருவி வெளியேறும் மின்னோட்டத்தை அளக்கும். பதிவிலுள்ள மாடலுக்கு அது பொருந்தினால் ஒரே ஒரு லேபிள் அச்சாகும். உரித்து நீட்டிக்கொண்டு நிற்கும் வகை அச்சியந்திரம் அது. கையால் எடுக்கும் வரை அதன் உணரி அடுத்ததை அச்சடிக்க விடாது. ஆகவே எந்த நேரத்திலும் மேசையில் ஒரு லேபிளுக்கு மேல் இருக்க முடியாது. மிச்சம் என்ற பேச்சே கிடையாது. மேசை விளிம்பில் செருக எதுவும் இல்லை.

எடுத்த லேபிளை வேறு உறையில் ஒட்டிவிட்டால்? அதற்குத்தான் மூன்றாவது வேலை. மூடி போட்டபின் எப்படியும் உயர் மின்னழுத்தக் காப்புச் சோதனை நடக்கிறது. அங்கே லேபிளை ஸ்கேன் செய்யாமல் சோதனை தொடங்காதபடி செய்தோம். அதையடுத்து சில விநாடி சுமை கொடுத்து மின்னோட்டம் மறுபடி அளக்கப்படுகிறது. லேபிள் 600 என்று சொல்லி, டிரைவர் 700 கொடுத்தால் மேசை பூட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் வந்து அந்த டிரைவரைச் சிவப்புப் பெட்டியில் போட்டால்தான் திறக்கும். மார்ச்சில் நடந்த தவறு இந்த மேசையைத் தாண்டியிருக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் வாங்கியவை அச்சியந்திரங்கள், ஸ்கேனர்கள், கொஞ்சம் மென்பொருள் வேலை மட்டுமே. செலவு, விலைப்புள்ளியில் இருந்த இயந்திரத்தில் ஒரு சிறு பங்கு.

அட்டைப்பெட்டிக்கும் இதே முறை: உறை லேபிளைப் படித்தால்தான் அந்தப் பிராண்டின் பெட்டி லேபிள் அச்சாகும். ஐம்பது பெட்டி ஸ்கேன் ஆனபின்தான் பெரிய பெட்டியின் லேபிள் வரும்.

ஓட்டிப் பார்த்தபோது

பலகை லேபிள் முதலில், உருகிய சால்டர் அலைமேல் பலகையை ஓட்டும் வேவ் சால்டரிங் பக்கத்துக்கு அருகில் இருந்தது. சால்டர் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் படிந்து வெள்ளை மங்கியது. மேற்பக்கத்துக்கு மாற்றினோம். அங்கே உயரமான மின்தேக்கி ஒன்றின் நிழல் குறியீட்டின்மேல் விழுந்து ஸ்கேனர் திணறியது. வடிவமைப்பாளரை வரவழைத்துப் பலகையைக் கையில் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொன்னபோதுதான் சிக்கல் அவருக்குப் புரிந்தது. திரையில் பார்க்கும் பலகைக்கு உயரம் கிடையாதே. லேபிள் ஓரத்துக்கு நகர்ந்தது.

வெயில் காலத்தில் ஸ்டோர் அறையில் இருந்த ரோல்களின் ஓரத்தில் பசை கசிந்து, நாசில் எடுக்கும்போது லேபிள் கோணிக்கொண்டது. செட்டிநாட்டு மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ரோலை வைத்தால் வேறென்ன நடக்கும்? சால்டர் பேஸ்ட் இருக்கும் குளிர்சாதன அறையின் மூலையில் ஓர் அலமாரி ஒதுக்கியதும் சரியாகிவிட்டது.

ரோலில் எண்கள் வரிசையாக இருப்பதால், இயந்திரம் வைக்கும் வரிசையே எண் வரிசை என்று மென்பொருள் எழுதியவர் எடுத்துக்கொண்டிருந்தார். நாசில் ஒரு லேபிளைத் தவறவிட்டு அடுத்ததை எடுத்தால், அதற்குப் பின் வரும் அத்தனை பலகைகளின் பதிவும் ஒன்று தள்ளிப்போகும். பதிவே இல்லாததைவிட இது ஆபத்து, ஏனென்றால் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆகவே லேபிள் வைத்தபின் அடுப்புக்கு முன்னால் கேமரா படித்த எண்தான் பதிவுக்குப் போக வேண்டும் என்று மாற்றச் சொன்னோம்.

ஸ்கேனர் படித்துவிட்டது என்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல ஸ்கேனர் மோசமான அச்சையும் படிக்கும். வாடிக்கையாளரின் ஸ்கேனர் அவ்வளவு நல்லதாக இருக்க வேண்டுமென்று இல்லை. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 15415 தரம் இருபரிமாணக் குறியீட்டின் அச்சை 4 முதல் 0 வரை மதிப்பிடுகிறது. அந்தச் சோதனைக் கருவி வாங்குமளவுக்கு இங்கே வேலை இல்லை. லேபிள் தருபவரிடமே அது இருந்தது. ஒவ்வொரு புதிய ரிப்பன் வந்ததும் அடுப்பில் போய் வந்த மாதிரிகள் அவரிடம் போகும்.

மின்சாரம் போனால், சர்வர் நின்றால் என்ன செய்வது என்பதில் முதலாளிக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் பழையபடி ரோலாக அடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தால் மார்ச் மாதம் முழுக்க அந்தக் கதவு வழியேதான் போவார்கள் என்றேன். கடைசியில் சோதனை மேசைகளின் கணினிகளுக்கு யு.பி.எஸ். போட்டு, ஒரு ஷிப்டின் எண்களைத் தாங்களே வைத்திருந்து பின்னர் சர்வருக்கு அனுப்பும்படி செய்தார்கள். ரோலாக அடிக்கும் வசதி மென்பொருளிலிருந்தே எடுக்கப்பட்டது. கசங்கிய லேபிளுக்கு மறு அச்சு வேண்டுமானால் பழையதைக் கொண்டுவந்து ரத்து செய்ய வேண்டும்.

அடுத்த மார்ச்சில் அதே திருவிழா, அதே நெரிசல், பாதிக்கு மேல் புதிய கைகள். காப்புச் சோதனை மேசை சில முறை பூட்டிக்கொண்டது. அவை ஒவ்வொன்றும் பக்கத்து உறைக்கு மாறிப்போன லேபிள். வெளியே எதுவும் போகவில்லை. ஆட்கள் யாரும் குறையவில்லை. குறைப்பது நோக்கமாக இருந்ததும் இல்லை. ரோல் அச்சடித்துக்கொண்டிருந்தவர் இப்போது உள்ளே வரும் பாகங்களின் ரீல்களுக்கு லேபிள் போடுகிறார்.

அந்த ரீல் லேபிள்தான் இன்னும் பாதியில் நிற்கிறது. நாளைக்கு முப்பது நாற்பது ரீல்கள் வருகின்றன; எண்ணிக்கையில் மிகச் சிறியது, ஆபத்தில் மிகப் பெரியது. உணர் மின்தடையின் ரீல் ஒன்று தவறான பெயரோடு ஃபீடரில் ஏறினால் ஆயிரக்கணக்கான பலகைகள் கெடும். கொள்முதல் பதிவிலிருந்து லேபிள் அச்சாவது முடிந்துவிட்டது. ஃபீடரில் மாட்டும்போது ரீலையும் ஃபீடர் இடத்தையும் ஸ்கேன் செய்தால்தான் இயந்திரம் ஓடும் என்ற பூட்டு வர வேண்டும். அதற்கு இயந்திரம் தந்தவரின் மென்பொருள் உரிமம் தனி. விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். அட்டைப்பெட்டி இயந்திரத்தின் பழைய விலைப்புள்ளியையும் முதலாளி கிழித்துப் போடவில்லை: ஒரு பிராண்டின் ஒரே மாடல் நாளைக்கு 2,000-க்கு மேல் தொடர்ந்து ஓடத் தொடங்கினால் அதை மறுபடி எடுத்துக் கணக்குப் பார்ப்பதாக முடிவு.